மரங்களின் பெயரேடு
பேராதனைத் தாவரவியலறிஞர் ஹென்றி திரைமன் வரலாறு

ஹந்தானை மலையடிவாரத்துப் பாதைகளில் மாலைப்பொழுதில் நடந்து செல்வோர்க்கு, மரங்களின் இருப்பைக் கண்ணுக்கு முன்னரே நாசி அறிவித்துவிடும். மழை ஓய்ந்து மலைச்சரிவில் மூடுபனி இறங்கும் வேளையில் ஏழிலைப்பாலையின் கனத்த மணம் ஒரு திருப்பத்தில் வந்து நம்மைச் சூழும். பிறிதொரு பருவத்தில் சண்பகம் தன் வரவைச் சொல்லும். வைகறையில் பவளமல்லி தரையெல்லாம் சிந்திக் கிடக்கும். நகருக்குள் இறங்கினால் தலதா மாளிகையின் முன்றிலில் பூக்கூடைகள் காத்திருக்கும். கட்டுக்கலைப் பிள்ளையார் கோயிலுக்குச் செல்வோர் கையிலும் மலர் இருக்கும். கண்டி மாநகரம் மணத்தால் வழிபடும் நகரம் என்று கூறின் அது மிகையாகாது.

இம் மணங்களை அறியாதவர் இங்கு இல்லை. ஆயின், மணம் வந்த மரத்தின் பெயர் யாது என்று வினவுவோமாயின் விடை அத்துணை எளிதன்று. சிங்கள மொழியினர் நா என்பதைத் தமிழர் நாகம் என்பர். அவர்கள் மூனமல் என்பதை நாம் மகிழம்பூ என்போம். சப்பு என்பதும் சண்பகம் என்பதும் ஒன்றே. தாவர நூலார்க்கோ இவை ஒவ்வொன்றுக்கும் இலத்தீன் மொழியில் வேறொரு பெயர் உண்டு. ஒரே மரம் மூன்று வீடுகளில் மூன்று பெயருடன் வாழ்கின்றது. இம் மூன்று வீடுகளுக்கும் இடையே கதவு திறந்து வைத்தவர்களுள் தலையாய ஒருவரின் வரலாற்றையே இக்கட்டுரை கூறப்புகுகின்றது. அவர் இந்நாட்டிற் பிறந்தவரல்லர். ஆனால் இந்நாட்டு மரங்களுக்காகவே தம் இறுதி மூச்சுவரை உழைத்தவர். பேராதனைத் தாவரவியற் பூங்காவின் பணிப்பாளராக 1880ஆம் ஆண்டு முதல் விளங்கிய ஹென்றி திரைமன் என்பார் அவர்.

இளமையும் கல்வியும்

திரைமன் 1843ஆம் ஆண்டு ஒக்டோபர் 26ஆம் நாள் இலண்டன் மாநகரிற் பிறந்தார். உடன்பிறந்தாருள் இவரே இளையவர். இவருடைய தமையனார் ரோலண்ட் திரைமன் பிற்காலத்தில் தென்னாபிரிக்காவின் கேப்டவுன் நகர அருங்காட்சியகத்தில் இருந்து வண்ணத்துப்பூச்சிகளை ஆராய்ந்து புகழ்பெற்றவர். ஒருவர் பூச்சிகளின் பின்னும் மற்றவர் பூக்களின் பின்னும் சென்று, இருவரும் பிறந்த மண்ணினின்றும் நெடுந்தொலைவில் தம் வாழ்வின் பயனைக் கண்டனர்.

பள்ளி மாணவனாக இருந்த காலத்திலேயே செடிகளைப் பறித்து உலர்த்தித் தாளில் ஒட்டிப் பெயரெழுதி வைக்கும் பழக்கம் இவருக்கு ஏற்பட்டுவிட்டது. ஆயினும் வாழ்க்கைக்கு ஒரு தொழில் வேண்டுமன்றோ? இலண்டன் கிங்ஸ் கல்லூரியில் மருத்துவம் பயின்று 1865இல் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டில் இலண்டனில் வாந்திபேதி நோய் பரவியபோது, நகரின் ஒரு வட்டாரத்தில் வைத்தியராக நின்று பணிபுரிந்தார். எனினும் இவருடைய உள்ளம் மருத்துவத்திற் பதியவில்லை. நோயாளரைக் கண்ட நேரம் போக எஞ்சிய நேரமெல்லாம் குளக்கரைகளிலும் புல்வெளிகளிலும் கழிந்தது.

அதே 1866ஆம் ஆண்டிலேதான் இவருடைய பெயர் தாவர நூலாரிடையே முதன்முதலாகப் பரவலாயிற்று. வேரில்லாமல் நீரின்மேல் மிதக்கும் வுல்ஃபியா என்ற சிறுபூண்டு பிரித்தானியாவிலும் உண்டு என்பதை இவர் கண்டு அறிவித்தார். குண்டூசியின் தலையளவே உள்ள இப்பூண்டு பூக்கும் தாவரங்களுள் மிகச் சிறிய இனத்தைச் சேர்ந்தது. மிகச் சிறிய பூவைத் தேடிக் கண்ட இக்கண்கள், பின்னர் உலகிலேயே மிகப் பெரிய பூங்கொத்தை ஏந்தும் தாளிப்பனையைப் பேராதனையில் நாள்தோறும் காணும் பேறு பெற்றன.

1867இல் ஒரு மருத்துவக் கல்லூரியில் தாவரவியல் விரிவுரையாளராகவும், 1869இல் பிரித்தானிய அருங்காட்சியகத்தின் தாவரப் பகுதியில் உதவியாளராகவும் இவர் அமர்ந்தார். அவ்வாண்டிலேயே, தம் நண்பர் திசெல்டன் டயருடன் இணைந்து, இலண்டனைச் சூழ்ந்த மிடில்செக்ஸ் வட்டாரத்தின் தாவரங்களைப் பற்றி நூலொன்று வெளியிட்டார். ஒவ்வொரு செடியும் எவ்விடத்தில் வளர்கின்றது என்பதோடு நில்லாமல், அதனை முதன்முதற் கண்டு எழுதியவர் யார் என்பதையும் பழைய ஏடுகளில் துருவி அந்நூல் கூறிற்று. பழைய ஏட்டையும் பச்சை இலையையும் ஒருங்கே வைத்துப் பார்க்கும் இம்முறை இவருடைய வாழ்நாள் முழுவதும் இவரை விட்டு நீங்கவில்லை. தொடர்ந்து 1872 முதல் 1879 வரை தாவரவியல் இதழொன்றின் ஆசிரியராக இருந்தார். ரொபேட் பெண்ட்லி என்ற பேராசிரியருடன் சேர்ந்து மருந்துச் செடிகளைப் பற்றி நான்கு பாகங்களில், முந்நூற்றுக்கு மேற்பட்ட வண்ணப் படங்களுடன், பெருநூலொன்றும் எழுதினார். வைத்தியரும் தாவர நூலாரும் இவருக்குள் கைகோத்து நின்றதற்கு அந்நூல் சான்றாகும்.

பேராதனை அழைத்தது

கண்டிக்கு மேற்கே, மகாவலி கங்கை வளைந்து மூன்று புறமும் அணைத்துச் செல்லும் நிலத்தில் அமைந்தது பேராதனைப் பூங்கா. முற்காலத்தில் மன்னர்கள் தங்கிய இடம் அது. 1815இல் கண்டி இராச்சியம் வீழ்ந்தது. இறுதி அரசனான ஸ்ரீ விக்கிரம இராசசிங்கன் வேலூர்க் கோட்டைக்கு அனுப்பப்பட்டான். அதன்பின் ஆறாம் ஆண்டில், 1821இல், அலெக்சாந்தர் மூன் என்பவரின் பொறுப்பில் பூங்கா அங்கே நிறுவப்பட்டது. மூன் 1824இல் இலங்கைத் தாவரங்களின் பட்டியல் ஒன்றை வெளியிட்டார். அதிற் சிங்களப் பெயர்களும் இடம்பெற்றன. மறு ஆண்டே காய்ச்சல் அவரைக் கொண்டுபோயிற்று. பின்வந்த ஜோர்ஜ் கார்ட்னரும் 1849இல் நடுவயதிலேயே மறைந்தார். அவருக்குப் பின் வந்த துவெயிட்ஸ் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பூங்காவைக் காத்தார். இலங்கைத் தாவரங்களை ஆயிரக்கணக்கில் உலர்த்தி எண்ணிட்டு உலகின் ஆய்வு நிலையங்களுக்கு அனுப்பினார். 1858 முதல் 1864 வரை பகுதி பகுதியாக அவற்றின் தொகுப்பு நூலை வெளியிட்டார்.

அன்னார் ஓய்வுபெறும் நிலையில் அவ்விடத்துக்குத் தெரிவு செய்யப்பட்டவரே திரைமன். 1879இல் நியமனம் பெற்று, 1880இன் தொடக்கத்தில் இலங்கை வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது முப்பத்தாறு. இலண்டனின் உலர்ந்த செடிகளுக்கு நடுவே பத்தாண்டுகள் இருந்தவருக்கு, உயிருள்ள காடு ஒன்றே எதிரே விரிந்தது. அருங்காட்சியகத்துத் தாளில் ஒட்டிய செடிக்கு வடிவம் உண்டு, நிறம் மங்கிவிடும், மணமோ அறவே இராது. செடி நூலை ஐரோப்பாவில் இருந்து எழுதுவோர் இழக்கும் பொருள் எது என்பதை இவர் பேராதனையில் உணர்ந்திருத்தல் வேண்டும். ஏனெனில், பிற்பாடு இவர் எழுதிய நூலில் உயிருள்ள மரத்தின் அருகில் நின்று கண்டவற்றுக்கே முதலிடம் கொடுத்தார்.

1881ஆம் ஆண்டின் இறுதியில் செர்மனிய உயிரியலறிஞர் ஏர்ணஸ்ட் ஹேக்கல் இலங்கை வந்தபோது, பேராதனையில் திரைமனின் விருந்தினராகச் சில நாட்கள் தங்கினார். வெப்பமண்டலத் தாவர வளத்தை ஐரோப்பிய வாசகர்க்கு எடுத்துரைத்த அவருடைய பயண நூலில் இப்பூங்கா சிறப்பிடம் பெற்றது. பேராதனையின் பெயர் உலகறிந்த பெயராயிற்று.

கோப்பி அழிந்த காலம்

பூங்காவின் தலைவர் என்றால் பூக்களுக்கு நடுவே இளைப்பாறியிருப்பவர் என்று எண்ணிவிடலாகாது. திரைமன் பொறுப்பேற்ற காலம் மலைநாட்டின் பேரிடர்க் காலம். 1869இல் கோப்பி இலையில் முதன்முதற் காணப்பட்ட செந்நிறப் பூஞ்சண நோய், 1880களில் தோட்டங்களை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டிருந்தது. ஹந்தானை உட்பட மலைச்சரிவுகளில் நின்ற பெருங்காடுகளை வெட்டிச் சாய்த்தே கோப்பி பயிரிடப்பட்டிருந்தது. கடல் கடந்து வந்து, காட்டு வழியே கால்நடையாக மலையேறிய தென்னிந்தியத் தமிழ்த் தொழிலாளரின் உழைப்பு அத்தோட்டங்களில் இறங்கியிருந்தது. இப்போது கோப்பியும் இல்லை, காடும் இல்லை என்ற நிலை. துரைமார் பலர் வங்கிக் கடனில் மூழ்கினர். தொழிலாளரோ கூலியின்றி வாடினர், பலர் வந்த வழியே திரும்பினர்.

இந்நோயை ஆராய 1880இல் மார்ஷல் வார்ட் என்ற இளம் அறிஞர் வந்து இரண்டாண்டுகள் பணிபுரிந்தார். நோயின் வாழ்க்கை முறை விளங்கிற்று. மருந்து மட்டும் கிடைக்கவில்லை. கோப்பிக்கு மாற்றுப் பயிர் எது என்பதே அடுத்த வினா. சிங்கோனாப் பட்டை, கொக்கோ, தேயிலை எனத் தோட்டக்காரர் கேட்ட ஒவ்வொன்றுக்கும் பேராதனையில் இருந்து அறிவுரையும் நாற்றும் செல்லவேண்டியிருந்தது. 1876இல் கியூ பூங்காவிலிருந்து வந்த றப்பர்க் கன்றுகள் ஹெனரத்கொடையில் மரமாகி நின்றன. 1888இல் அம்மரத்தைக் கீறிப் பால் எடுத்து அளந்து பார்க்கும் சோதனையைத் திரைமன் தொடங்கினார். வறண்ட நிலத்துத் தாவரங்களுக்காக 1883இல் அனுராதபுரத்திலும், 1886இல் பதுளையிலும் கிளைத் தோட்டங்கள் எழுந்தன.

இவற்றாற் பயன்பெற்றது குடியேற்ற அரசின் கருவூலமும் தோட்ட முதலாளிகளுமே என்பதை மறைக்க வேண்டியதில்லை. திரைமன் அவ்வரசின் ஊழியர். அதன் தேவைக்கே அவர் அழைத்துவரப்பட்டார். ஆயின், காடு அழியுந்தோறும் பெயரறியப்படாத மரமும் உடன் அழிகின்றது என்பதைத் தம் கண்முன் கண்டவரும் அவரே. வெட்டுவோரின் கோடரி முந்துமா, எழுதுவோரின் எழுதுகோல் முந்துமா என்ற போட்டி அவருடைய பணிமேசையின்மேல் நாள்தோறும் நடந்தது. அலுவலக வேலை பகலைக் கொண்டுபோயிற்று. எஞ்சிய பொழுதெல்லாம் அவர் தமக்கென வைத்துக்கொண்ட வேலைக்குச் சென்றது. இலங்கையில் இயல்பாக வளரும் பூக்கும் தாவரங்கள் 3000 அளவினவற்றையும் ஒரே நூலில் விளக்குவதே அவ்வேலை.

பழைய ஏடுகளும் பச்சை இலையும்

இப்பணிக்கு அவர் இரு திசைகளிலும் நடந்தார். ஒன்று காட்டுத் திசை. ஈரமலைக் காடுகளிலிருந்து வடக்கிலும் கிழக்கிலும் உள்ள வறண்ட காடுகள் வரை அலைந்து, செடிகளை நின்ற இடத்திலேயே கண்டார். மற்றது ஏட்டுத் திசை. 17ஆம் நூற்றாண்டின் எழுபதுகளில் ஒல்லாந்தக் கும்பனியின் வைத்தியராகக் கொழும்பில் இருந்த பவுல் ஹெர்மன் என்பார் உலர்த்திச் சேர்த்த செடித்தொகுதி ஒன்று இருந்தது. சேர்த்தவர் இறந்தபின் கைமாறிக் கண்ணுக்கு மறைந்த அத்தொகுதி, ஒரு தலைமுறை கடந்து சுவீடன் நாட்டுப் பேரறிஞர் லின்னேயசின் கையை அடைந்தது. இலங்கையை ஒருநாளும் காணாத லின்னேயசு அதனை வைத்தே 1747இல் இலங்கைத் தாவர நூலை இயற்றினார். அத்தொகுதி பிற்பாடு பிரித்தானிய அருங்காட்சியகத்தை அடைந்தது. இளமையில் அங்கே பணிபுரிந்த திரைமன் அதன் ஒவ்வொரு தாளையும் மீண்டும் ஆராய்ந்து, லின்னேயசு வழங்கிய பெயர் எந்த மரத்துக்கு உரியது என்பதை 1887இல் வரையறுத்து வெளியிட்டார். வைத்தியர் ஒருவர் நட்ட வித்துக்கு இருநூறு ஆண்டுகளின் பின் மற்றொரு வைத்தியர் நீர் வார்த்தது போன்றது இது.

அதற்கு முன்னரே, 1885இல், இலங்கைத் தாவரங்களின் வரிசைப் பட்டியல் ஒன்றை அவர் அச்சிட்டிருந்தார். இலத்தீன் பெயர்களோடு நாட்டு மக்கள் வழங்கும் பெயர்களையும் அதிற் சேர்த்திருந்தார். தமிழர் கருதிப் பார்க்கவேண்டிய செய்தி இதுவே. இலங்கையின் வறண்ட காடுகளில் பாலையும் வீரையும் முதிரையும் ஓங்கி நிற்கின்றன. பாலையைச் சிங்களத்தில் பலு என்பர். வீரையை வீர என்பர். இரு மொழியினரும் ஒரே காட்டில் ஒரே மரத்தின் நிழலில் நெடுங்காலம் இருந்தமையை அப்பெயர்களே சொல்லும். திரைமனுக்குப் பின் இலங்கைத் தாவரங்களைக் கற்போர் எவரும் இவ்விரு மொழிப் பெயர்களையும் அருகருகே கண்டே மேற்செல்லவேண்டியதாயிற்று.

பெயரில் உறையும் பயணம்

அரசர் பெயரையும் அறிஞர் பெயரையும் செடிக்குச் சூட்டுவதில் இன்பங்கண்ட காலம் அது. திரைமனின் பெயரையே பசுபிக் தீவுகளில் வளரும் ஒரு மர இனத்துக்கு அவருடைய நண்பர் சீமன் சூட்டியிருந்தார்; 1873இல் அச்சில் வந்த திரைமெனியா என்பது அப்பெயர். ஆயின் மக்கள் வைத்த பெயருக்கு உள்ள சுவை வேறு. அதில் மரத்தின் குணம் இருக்கும். சிலவேளை அது நடந்து வந்த வழியும் இருக்கும்.

நாகமரத்தை எடுத்துக்கொள்வோம். வெண்ணிற இதழ் நான்கும், நடுவே பொன்னிறக் கேசரக் கற்றையும் கொண்ட அதன் பூ மணத்தாற் பெருமை பெற்றது. சித்த வைத்தியத்தில் மருந்தும் ஆவது. தளிர் விடும்போது மரம் முழுவதும் தீப்பற்றியதுபோற் செந்நிறம் கொள்ளும். மரமோ இரும்பு, நீரில் இட்டால் மூழ்கும். விகாரைகளின் அருகே நட்டுப் போற்றப்படும் இம்மரம் 1986இல் இலங்கையின் தேசிய மரமாக அறிவிக்கப்பட்டது.

ஈழத்தலரியின் கதையோ வேறு. இலங்கையில் அரலியா என வழங்கும் அம்மரத்தின் பூ இல்லாமற் கண்டியில் வழிபாடே இல்லை எனலாம். தமிழகத்தார் அதற்கு ஈழத்தலரி என்று பெயரிட்டனர்; ஈழத்திலிருந்து வந்த அலரி என்பது பொருள். உண்மையில் அதன் தாயகம் அமெரிக்க வெப்பமண்டலம். கடல் கடந்து வந்த மரம் ஈழத்தில் தங்கிப் பின்னர் தமிழகம் சென்றது போலும் என்று அப்பெயர் நம்மை எண்ணவைக்கின்றது. வந்த வழியின் இறுதிக் கட்டத்தைப் பெயர் நினைவிற் கொண்டது. முதற் கட்டத்தை மறந்துவிட்டது.

மற்றொன்று நாகலிங்கம். தென்னமெரிக்காவின் கயானாக் காட்டுக்குரிய இம்மரம் 1881இல், அதாவது திரைமன் பொறுப்பேற்ற மறு ஆண்டில், பேராதனைக்கு வந்து சேர்ந்தது. அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாகப் பூக்கும் அதன் மலரை நெருங்குமுன்பே மணம் வந்து தாக்கும். படமெடுத்த நாகத்தின் கீழ் இலிங்கம் இருப்பதாகத் தமிழர் அப்பூவைக் கண்டு சிவன் கோயில்களில் நட்டனர். புத்தர்பெருமான் பிறப்போடும் இறப்போடும் தொடர்புடைய சாலமரம் இதுவே எனக் கருதி இலங்கை விகாரைகளில் நட்டனர் பௌத்தர். உண்மைச் சாலமரம் வட இந்தியக் காடுகளுக்கு உரியது; வேறு குடும்பத்தைச் சேர்ந்தது. பெருங்கடலைத் தாண்டி வந்த ஒரு மரம் இரு சமயத்தாரின் உள்ளத்திலும் இடம்பெற்றுவிட்டது. மக்களின் பக்தியில் நாம் குறை காண வேண்டுவதில்லை. ஆனால் எது எங்கிருந்து வந்தது என்பதை ஓரிடத்தில் யாரேனும் பிழையின்றி எழுதி வைத்திருத்தல் வேண்டும். அவ்வாறு எழுதி வைப்பதைத் தம் கடமையாகக் கொண்டவர் திரைமன். இந்நாட்டுக்கு இயல்பாய் உரிய செடி எது, மனிதர் கொணர்ந்து நட்டது எது என்று பிரித்தறிவதில் அவர் காட்டிய கண்டிப்பு அவருடைய நூலின் தனிச்சிறப்பாகும்.

காலத்தோடு ஒரு போட்டி

இலங்கைத் தாவரக் கைந்நூலின் முதற் பாகம் 1893இல் வெளிவந்தது. நாட்டுக்கு வந்து பதின்மூன்று ஆண்டுகள் கழித்தே முதற் பாகம் வெளிவந்தது என்பதிலிருந்து அவருடைய பொறுமை விளங்கும். ஒவ்வொரு தாவரத்துக்கும் முந்தைய நூல்களில் உள்ள குறிப்பு, உயிருள்ள வடிவம், பூக்கும் மாதம், பூவின் நிறம், வளரும் இடம், சிங்களத் தமிழ்ப் பெயர்கள், பயன் ஆகியன ஒழுங்குபடத் தரப்பட்டன. சண்பகக் குடும்பமும் நாகமரத்தின் குடும்பமும் அம்முதற் பாகத்திலேயே அமைந்தன. உடன் வெளியான 100 வண்ணப் படங்களும் பேராதனை ஓவியர்கள் தீட்டியவற்றிலிருந்து தெரிந்தெடுக்கப்பட்டவை. மூனின் காலத்தில் ஓவியராய்ச் சேர்ந்த ஹார்மானிஸ் த அல்விஸ் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அப்பணியில் இருந்தார்; அவர்க்குப்பின் அவர் மக்களும் அதனைத் தொடர்ந்தனர். அந்நூலின் அழகில் அச்சிங்களக் குடும்பத்தின் விரல்களுக்கும் பங்குண்டு என்பதை மறக்கலாகாது.

நூல் வளர்ந்துகொண்டிருக்கையில் நூலாசிரியரின் உடல் தளர்ந்துகொண்டிருந்தது. முதலிற் செவிப்புலன் குறைந்தது. பின்னர் முற்றாக அற்றது. பூங்காவில் எழும் குயிலோசையும், மகாவலியின் நீரொலியும், தம்மோடு பேச வருவோரின் குரலும் அவருக்கு இல்லையாயின. அடுத்துக் கால்கள் வலுவிழந்து இயக்கமற்றுப் போயின. காட்டில் அலைந்து செடி கண்டவர் நாற்காலியை விட்டு எழ இயலாதவரானார். மருத்துவம் கற்றவராதலின் தம் நோயின் போக்கை அவர் அறியாதிருக்கமுடியாது. இலண்டனுக்குத் திரும்பி ஓய்வாக இருந்திருக்கலாம். உற்றார் இருந்த இடம் அது. ஆனால் உலர்ந்த செடிகளும் ஓவியங்களும் உயிருள்ள மரங்களும் ஒருங்கே கிடைக்கும் இடம் பேராதனை ஒன்றே. ஆகவே அங்கேயே இருந்து எழுதினார்.

இரண்டாம் பாகம் 1894இல் வந்தது. மூன்றாம் பாகம் 1895இல் வந்தது. மகிழும் ஏழிலைப்பாலையும் இம்மூன்றாம் பாகத்தில் அடங்கின. ஆண்டுக்கொரு பாகம் என்ற இவ்வேகம் உடல்நலம் உள்ள ஒருவர்க்கே அரிது. கேளாச் செவியும் நடவாக் காலும் உடையவர் இதனைச் செய்து முடித்தார் என்பதே நம்மை வியக்கவைப்பது. செவியும் காலும் போயின. கண்ணும் கையும் எஞ்சின. எஞ்சியவை கொண்டு அவர் எழுதினார்.

நான்காம் பாகத்துக்கான குறிப்புகள் மேசைமேல் இருந்தன. அவற்றை நூலாக்கும் காலம் அவருக்குக் கிடைக்கவில்லை. 1896ஆம் ஆண்டு ஒக்டோபர் 16ஆம் நாள், ஐம்பத்துமூன்றாம் பிறந்த நாளுக்குப் பத்து நாட்கள் இருக்கையில், கண்டி மண்ணிலேயே அவர் உயிர் நீத்தார். அவர் மணஞ்செய்து கொள்ளவில்லை. இலண்டன் வேத்தியற் கழகம் 1888இல் அவரைத் தன் உறுப்பினராகத் தேர்ந்து பெருமைப்படுத்தியிருந்தது. ஆனால் அவர் தமக்கென விட்டுச் சென்ற செல்வம், முற்றுப்பெறாத ஒரு நூலே.

முடித்து வைத்த கை

முற்றுப்பெறாத நூலை முடிக்க முன்வந்தவர் ஜோசப் டால்டன் ஹூக்கர். கியூ பூங்காவின் முன்னாள் தலைவர். டார்வினின் நெருங்கிய நண்பர். இந்தியத் தாவரங்களைப் பற்றிய ஏழு பாகப் பெருநூலை அப்போதுதான் முடித்து ஓய்ந்திருந்தவர். அவருக்கு வயது எண்பது. தம்மினும் இருபத்தாறு ஆண்டுகள் இளையவர் விட்டுச்சென்ற பணியை அம்முதியவர் தம் தோளில் ஏற்றார். திரைமனின் குறிப்புகளை வைத்துக்கொண்டு நான்காம் பாகத்தை 1898இலும் ஐந்தாம் பாகத்தை 1900இலும் வெளியிட்டார். கடற்கரையெங்கும் மணம் பரப்பும் தாழை இந்நான்காம் பாகத்தில் வருவது. திரைமன் தம் கையால் எழுதி அச்சிற் காணமுடியாத மணமலர் அது.

நூலுக்கு ஆயுள் நீண்டது. 1931இல் ஆல்ஸ்டன் என்பார் அதற்குப் பிற்சேர்க்கை எழுதினார். 1980 முதல் 2006 வரை உள்நாட்டு வெளிநாட்டு அறிஞர் பலர் கூடி இலங்கைத் தாவரங்களைப் பற்றிப் பதினைந்து பாகங்களில் புதிய நூல் ஒன்றை இயற்றினர். அவர்களும் திரைமன் இட்ட பெயரை மாற்றத் துணியவில்லை. திருத்திய கைந்நூல் என்றே அதற்குப் பெயர் வைத்தனர். பல இலத்தீன் பெயர்கள் இன்று மாறிவிட்டன. குடும்பப் பிரிவுகளும் மாறிவிட்டன. மாறாதிருப்பவை மக்கள் வாயில் வழங்கும் பெயர்கள். பாலை இன்றும் பாலைதான். மகிழ் இன்றும் மகிழ்தான்.

1952இல் ஹந்தானை அடிவாரத்துக்குப் பல்கலைக்கழகம் வந்தது. அதன் சாலைகளில் மாணவர் தலைமுறைகள் நடந்து சென்றன, இன்றும் நடக்கின்றன. தலைக்குமேல் பூத்து நிற்கும் மரத்தின் பெயர் யாது என்று நம் பிள்ளைகளைக் கேட்டால் அவர்கள் விடையிறுப்பார்களா என்பதை ஆசிரியர் பெருமக்களே சொல்லவேண்டும். மரத்தின் பெயரை மறந்தவன் அம்மரம் வெட்டப்படும்போது இழந்தது எது என்று சொல்லத் தெரியாதவனாகின்றான். பெயர் தெரிந்த ஒன்றுக்காகவே மனிதன் வாதாடுவான். இவ்வுண்மையைக் கடல் கடந்து வந்த ஒருவர் உணர்ந்து, எங்கள் மொழியில் எங்கள் மரங்களின் பெயரையும் கேட்டு எழுதி வைத்துச் சென்றார். அப்பெயர்களை வாயில் வழங்கவேண்டிய பொறுப்பு நம்முடையது.

பூக்களுள் பெரும்பாலானவை உதிர்ந்த நாளிலேயே மணமிழக்கும். மகிழம்பூ மட்டும் அப்படியன்று. வாடி வதங்கி நிறம் மாறிய பின்னரும் அதன் மணம் நெடுநாள் நிற்கும். ஆதலாலன்றோ நம் அன்னையர் அதனைத் தொடுத்துப் பெட்டிக்குள் துணிகளின் நடுவே வைத்தனர். நூற்றாண்டு கடந்த பின்னரும் பேராதனை நூலகத்தில் திரைமனின் மூன்றாம் பாகத்தைத் திறந்து மகிழ மரத்தின் பக்கத்தைக் காண்போர், கேளாச் செவியும் நடவாக் காலும் கொண்ட ஒருவர் இதை எழுதினார் என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்வாராக.